பளுவும் பருவமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த பளு தூக்கும் போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. என் எடைப் பிரிவில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் நான்கே பேர் என்பதையும், நான்காமவர் மூன்று முயற்சிகளிலும் கம்பியைத் தலைக்கு மேல் கொண்டுபோக முடியாமல் வெளியேறினார் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என்றாலும் சான்றிதழ் சான்றிதழ்தானே! ஊருக்குப் போனதும் அதை அப்பாவிடம் நீட்டினேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார். திண்ணையில் உட்கார்ந்து சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதிலே உன் உடம்பு எடையை எதுக்குப்பா எழுதியிருக்கான்?"

ஒல்லியானவனையும் பருத்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது முறையல்ல, அதனால் உடல் எடையைப் பார்த்துப் பிரிவு பிரிவாக வைக்கிறார்கள் என்று விளக்கினேன்.

"நியாயந்தான். எடையைக் கேட்டவன் வயசை ஏன் கேக்கலே?"

அப்பாவுக்கு வயது 52. தானியக் கிட்டங்கியில் முப்பது ஆண்டுகளாக மூட்டை தூக்குகிறார். கேட்டவர் அவர் என்பதால் அந்தக் கேள்வியை என்னால் தட்டிக் கழிக்க முடியவில்லை. எங்கள் உடற்கல்வி இயக்குநர் ஐயா சொன்ன குறிப்புகளைக் கொண்டும், நூலகத்தில் தேடியும் நான் அறிந்தவற்றை நண்பர்கள் முன் வைக்கிறேன். பளு தூக்குவதில் விருப்பமில்லாதவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். இதில் கம்பியைவிடக் கணக்கே அதிகம்.

முதலில், சாதனை என்றால் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். 'நூறு கிலோ தூக்கினான்' என்று சொன்னால் அது ஒரு செய்தியே தவிர, சாதனை ஆகாது. எங்கிருந்து எதுவரை தூக்கினான், முழங்கால் மடங்கியதா, பாதம் நகர்ந்ததா, எவ்வளவு நேரம் தாங்கினான், யார் பார்த்தார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இருந்தால்தான் அது ஏட்டில் ஏறும். 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் போட்டியிலேயே இந்தச் சிக்கல் எழுந்துவிட்டது. அப்போது எடைப் பிரிவுகளே கிடையாது. இரு கைகளால் தூக்கும் போட்டியில் டென்மார்க்கின் விகோ ஜென்சனும் பிரிட்டனின் லான்ஸ்டன் எலியட்டும் ஆளுக்கு 111.5 கிலோ தூக்கிச் சமமாக நின்றார்கள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். எலியட் தூக்கும்போது ஒரு காலை நகர்த்தினார், ஜென்சன் நயமாகத் தூக்கினார் என்று சொல்லி, முதலிடத்தை ஜென்சனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்து நடந்த ஒற்றைக் கைப் போட்டியில் எலியட் 71 கிலோ தூக்கினார். ஜென்சனால் 57 கிலோவைத் தாண்ட முடியவில்லை. ஆளுக்கொரு முதலிடம் என்று கணக்கு நேரானது. ஆயினும் ஒரு பாதம் சற்று நகர்ந்ததால் ஒலிம்பிக் வெற்றி கைமாறியது என்பது பளு தூக்குவோர் அனைவரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

அதன் பிறகு ஒலிம்பிக்கில் தூக்கும் முறைகள் கூடியும் குறைந்தும் வந்தன. 1920-இல் ஆண்ட்வெர்ப் நகரில் மூன்று முறைகளும் ஐந்து எடைப் பிரிவுகளும் இருந்தன. 1924-இல் பாரிஸில் ஐந்து முறைகள். 1928-இல் ஒற்றைக் கை முறைகள் அறவே நீக்கப்பட்டு, பிரஸ், ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற மூன்று மட்டும் நின்றன. இவற்றுள் பிரஸ் என்பது தோளில் வைத்த கம்பியைக் காலின் உதவியில்லாமல் கைவலிமையால் மட்டும் மேலே தள்ளுவது. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் வீரர்கள் நாளாக ஆக, இடுப்பைப் பின்னுக்கு வளைத்து, நின்றபடியே படுத்தவர்போல் சாய்ந்து தள்ளத் தொடங்கினார்கள். எவ்வளவு சாய்ந்தால் குற்றம் என்பதில் ஒரு நடுவருக்கும் மற்றொரு நடுவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு பிரஸ் விடைபெற்றது. ரஷ்ய வீரர் வாசிலி அலெக்சேயெவ் அந்த ஆண்டு பிரஸ் முறையில் தூக்கிய 236.5 கிலோ இன்றும் அப்படியே இருக்கிறது. அதை இனி யாரும் முறியடிக்க முடியாது. போட்டியே இல்லாதபோது முறியடிப்பது எங்கே!

எடைப் பிரிவுகளை மாற்றும்போதும் இதே கதைதான். 1993-இலும் 1998-இலும் 2018-இலும் உலகப் பளு தூக்கும் சம்மேளனம் பிரிவுகளை மாற்றி அமைத்தது. ஒவ்வொரு முறையும் பழைய பிரிவுகளின் சாதனைகள் பழங்கணக்காகிவிட, புதிய ஏடு திறக்கப்பட்டது. நேற்று வரை உலக சாதனையாளராக இருந்தவர் இன்று 'முன்னாள் பிரிவின் சாதனையாளர்'. அவர் தூக்கிய இரும்பின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

ஒலிம்பிக் மேடையிலிருந்து இறக்கிவிடப்பட்ட தூக்கு முறைகள் என்ன ஆயின? இங்கேதான் நம் நாட்டில் அதிகம் பேசப்படாத ஒரு விளையாட்டு வருகிறது. 'ஆல்ரவுண்ட்' பளு தூக்குதல் என்பது அதன் பெயர். சகலவிதமான பழைய முறைகளையும் விடாமல் காப்பாற்றி வைத்திருக்கும் தொழில்முறை சாராத போட்டி இது. பிரிட்டனில் 1911-இல் தோன்றிய பளு தூக்குவோர் சங்கம் ஒரு காலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட முறைகளுக்குச் சாதனை ஏடு வைத்திருந்தது. அந்த மரபு மங்கிப்போன பிறகு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆர்வலர்கள் சேர்ந்து 1987 வாக்கில் பன்னாட்டு ஆல்ரவுண்ட் சங்கத்தை அமைத்தார்கள். இன்று அவர்களுடைய பட்டியலில் இருநூறுக்கும் குறையாத முறைகள் உள்ளன. பரிசுப் பணம் கிடையாது. பார்வையாளரும் பெரும்பாலும் சக போட்டியாளர்களும் குடும்பத்தாருமே.

அந்த முறைகள் சிலவற்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. ஜெர்ச்சர் தூக்கு என்று ஒன்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த எட் ஜெர்ச்சரின் பெயரால் வழங்குவது. தரையில் கிடக்கும் கம்பியைக் கையால் பிடிக்காமல், குனிந்து இரு முழங்கைகளின் மடிப்பில் ஏந்தி, குழந்தையைத் தூக்குவதுபோல் எழ வேண்டும். நான் நாற்பது கிலோவில் முயன்று பார்த்தேன். மூன்று நாட்களுக்கு எழுதும்போது கையை மடக்க முடியவில்லை.

ஸ்டைன்பார்ன் தூக்கு இன்னும் விந்தையானது. மிலோ ஸ்டைன்பார்ன் ஜெர்மானிய மாலுமி. முதல் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் காவலில் வைக்கப்பட்டிருந்தவர், பின்னர் அமெரிக்கா சென்று மல்லராகப் புகழ் பெற்றார். கனத்த கம்பியைத் தோளில் ஏற்றிவிட ஆளோ தாங்கியோ இல்லாவிட்டால் என்ன செய்வது? கம்பியை ஒரு முனையில் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியில் குந்தி, கம்பியைத் தன் முதுகின்மேல் சாய்த்து வாங்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். பிறகு மீண்டும் குந்தி, வந்த வழியே இறக்க வேண்டும். அவர் 95 வயது வரை வாழ்ந்து 1989-இல் மறைந்தார்.

'பென்ட் பிரஸ்' என்னும் ஒற்றைக் கை முறையில் கம்பியை மேலே தள்ளுவதே இல்லை. கையை அசையாமல் வைத்துக்கொண்டு உடலைக் கீழே வளைத்து நழுவிப்போய், கை நீண்டதும் நிமிர்வது. ஜெர்மானியரான ஆர்தர் சாக்ஸன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாறு ஒரே கையில் சுமார் 168 கிலோ தூக்கினார். இவை தவிர ஒற்றை விரலால் தூக்குவது, கால்களுக்குப் பின்புறம் கம்பியை வைத்துத் தூக்குவது, இடுப்பில் வார் கட்டித் தூக்குவது என்று பட்டியல் நீளுகிறது. பின்புறம் தூக்குவதை மல்லர் ஜார்ஜ் ஹாக்கன்ஸ்மித்தின் பெயரால் 'ஹாக்' தூக்கு என்பார்கள்.

விதிகள் கடுமையானவை. முழங்காலை இறுக்கிச் சுற்றும் பட்டைகளும், உடலை விறைப்பாகத் தாங்கும் தனி உடைகளும் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் தொடக்க நிலை, முடிவு நிலை, கால் வைக்கும் விதம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான முறைகளில், தூக்கி முடித்ததும் அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் 'இறக்கு' என்று சைகை கொடுத்த பிறகே இறக்க வேண்டும். அதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கினாலும் அந்தத் தூக்கு செல்லாது. இந்த ஒரு விதியில் தோற்றவர்களின் எண்ணிக்கை வலிமைக் குறைவால் தோற்றவர்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்குமோ என்று நான் சந்தேகிப்பதுண்டு. எங்கள் போட்டியில் என்னுடைய ஒரு முயற்சியும் இப்படித்தான் போனது.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்கலாம். 1920-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹெர்மன் கோர்னர் ஒற்றைக் கையால் தரையிலிருந்து 330 கிலோ தூக்கியதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. நம்புவோரும் உண்டு, நம்பாதோரும் உண்டு. கோர்னர் பொய்யர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் மாபெரும் வலிமையாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஐயப்படுகிறவனின் வாயை அடைக்க, எடை போட்டுப் பார்த்த கம்பியும், விதியும், கையெழுத்துப் போட்ட நடுவரும் வேண்டும்.

இனி அப்பாவின் முதல் கேள்விக்கு வருவோம். உடல் எடைக்கும் தூக்கும் எடைக்கும் என்ன உறவு? இரு மடங்கு கனமானவன் இரு மடங்கு தூக்குவானா? மாட்டான். காரணத்தைக் கலீலியோ 1638-இலேயே கோடிட்டுக் காட்டிவிட்டார். ஒரு பொருளின் நீள அகல உயரங்களை இரு மடங்காக்கினால் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகிறது. கனஅளவோ எட்டு மடங்காகிறது. தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலின் எடை கனஅளவைப் பொறுத்தது. ஆகவே வலிமையானது எடையின் மூன்றில் இரண்டு என்னும் அடுக்கை ஒட்டி வளர வேண்டும். இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. லீட்ஸ்கே என்பவர் 1956-இல் உலகத் தரமான வீரர்கள் தூக்கிய எடைகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது அடுக்கு 0.67-க்கு வெகு அருகில் வந்தது. வகுப்பில் மடக்கை வரைபடம் போடும்போது 'இது எதற்குப் பயன்படப் போகிறது' என்று முணுமுணுக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

இந்தக் கணக்கை வைத்து ஒரு வேடிக்கை செய்து பார்த்தேன். துருக்கியின் நயீம் சுலைமானோக்லு 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோப் பிரிவில் இரு முறைகளிலும் சேர்த்து 342.5 கிலோ தூக்கினார். ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021-இல் தாஷ்கண்ட் நகரில் 225-உம் 267-உமாக மொத்தம் 492 கிலோ தூக்கினார். அவருடைய உடல் எடை 170 கிலோவுக்கும் மேல். மூன்றில் இரண்டு விதிப்படி 60 கிலோ மனிதரை 170 கிலோவுக்கு வளர்த்தால் வலிமை இரு மடங்காக வேண்டும். அதாவது 685 கிலோ! அவ்வளவு யாரும் தூக்கியதில்லை. ஏனென்றால் எடைப் பிரிவுக்கு மேல்வரம்பு இல்லாத இடத்தில் கூடும் எடை முழுதும் தசையாக இருப்பதில்லை. இந்தக் குறையைச் சரிசெய்யவே கனடாவைச் சேர்ந்த கணித அறிஞர் சின்கிளேர் 1970-களில் வேறொரு சூத்திரம் அமைத்தார். ஒவ்வோர் எடைக்கும் ஒரு பெருக்கெண் கொடுத்து, எல்லோரையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது அது. ஒலிம்பிக் சுழற்சிதோறும் அதைப் புதுப்பிக்கிறார்கள். ஆல்ரவுண்ட் போட்டிகளிலும் இத்தகைய சூத்திரம் ஒன்றைப் பயன்படுத்தியே முதல்வரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆக, எடைக்குக் கணக்கு உண்டு. வயதுக்கு?

ஆல்ரவுண்ட் போட்டிகளில் அதற்கும் உண்டு என்பதை அறிந்தபோது, ஓடிப்போய் அப்பாவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அமெரிக்கச் சங்கத்தில் நாற்பது வயதுக்குப் பிறகு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் கூட்டிக்கொள்கிறார்கள். அறுபதுகளின் நடுப்பகுதியைத் தாண்டினால் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு. அறுபது வயதுக்காரர் 100 கிலோ தூக்கினால் அது இளைஞர் ஒருவர் சுமார் 120 கிலோ தூக்கியதற்குச் சமம் என்று எழுதப்படுகிறது. எண்பது வயதென்றால் 150-ஐத் தாண்டிவிடும்.

இந்த 'நூற்றுக்கு ஒன்று' எங்கிருந்து வந்தது? ஒரு வசதிக்காக வைத்த எண் என்றே தோன்றுகிறது. மனக்கணக்காகப் போட்டுவிடலாம் அல்லவா! என்றாலும் அது ஆதாரமற்றதன்று. மெல்ட்சர் என்னும் ஆய்வாளர் 1994-இல் மூத்த பளு தூக்குவோரின் அளவுகளை ஆராய்ந்து, சுமார் எழுபது வயது வரை ஆற்றல் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை குறைகிறது, அதன்பின் சரிவு வேகமாகிறது என்று கண்டார். இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறோடு இருபதைக் கூட்டுவதும், நூறிலிருந்து இருபதைக் கழிப்பதும் ஒன்றல்ல. அறுபது வயதுக்காரருக்கு நூற்றுக்கு இருபது கூட்டிக் கொடுப்பதன் பொருள், அவருடைய வலிமை நூற்றுக்குச் சுமார் பதினேழு குறைந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே. ஆகவே சூத்திரம் கிழவர்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று முகம் சுளிப்பவர்கள் கணக்கைச் சரிபார்க்கவும். கணக்கு சற்றுக் கஞ்சத்தனமானது.

வேறொரு குறையும் உண்டு. முதுமை எல்லாத் தூக்குகளையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. நம் தசைகளில் விரைந்து சுருங்கும் இழைகள், மெல்லச் சுருங்கும் இழைகள் என இரு வகை உண்டு. வயதாகும்போது முதுகுத்தண்டிலிருந்து தசைக்கு வரும் இயக்க நரம்பணுக்கள் சிறிது சிறிதாக இறக்கின்றன. அவற்றோடு தொடர்புடைய இழைகளும் சிறுத்துப் போகின்றன. இதில் அதிகம் பாதிக்கப்படுபவை விரைவு இழைகள். ஆகவே கண்ணிமைக்கும் நேரத்தில் கம்பியைத் தலைக்கு மேல் வீசும் ஸ்நாட்ச் முதலில் கைவிட்டுப் போகும். தரையிலிருந்து மெல்ல இடுப்பு வரை இழுக்கும் தூக்கு நெடுநாள் துணை நிற்கும். ஆனால் சூத்திரமோ இரண்டுக்கும் ஒரே 'நூற்றுக்கு ஒன்று' என்கிறது. ஆல்ரவுண்டில் மூத்தவர்கள் நிறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். இருநூறு முறைகளில் தன் மூட்டு அனுமதிக்கும் முறையைத் தேர்ந்துகொள்ளலாமே. தோள் போனவர் காலால் தூக்குகிறார். முழங்கால் போனவர் விரலால் தூக்குகிறார்.

பயிற்சி இந்தச் சரிவைத் தடுக்குமா? தடுக்காது, தள்ளிவைக்கும். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் மூத்த பளு தூக்குவோரையும் பயிற்சியில்லாதவரையும் ஒப்பிட்டார்கள். சரியும் வேகம் இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் 85 வயதுப் பளு தூக்குபவரின் ஆற்றல் 65 வயதுச் சாதாரண மனிதருக்குச் சமமாக இருந்தது. இருவரும் ஒரே படிக்கட்டில்தான் இறங்குகிறார்கள். ஒருவர் இருபது படி மேலிருந்து தொடங்கியவர். இன்னொன்று அதைவிட வியப்பானது. 1990-இல் பாஸ்டனில் முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 90. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 கூடியது. தொண்ணூறு வயதிலும் தசை பாடம் கேட்கிறது!

சாதனை ஏட்டின் பக்கம் திரும்பினால் இன்னொரு வேடிக்கை. இருநூறு முறைகள், ஐந்தைந்து கிலோவாகப் பிரித்த ஏறத்தாழ பதினைந்து எடைப் பிரிவுகள், ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்த பத்து வயதுப் பிரிவுகள், ஆண் பெண் என இரண்டு. பெருக்கிப் பார்த்தால் அறுபதாயிரம் இடங்கள்! இதைச் சொன்னதும் எங்கள் உடற்கல்வி இயக்குநர் சிரித்தார். "அப்படியானால் ஆளுக்கொரு சாதனை பங்கு வருமே" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எவரும் முயலாத பிரிவில் முதலில் போய் நின்றவரே சாதனையாளர். நானே நான்கு பேரில் மூன்றாமவன். இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு.

ஆனாலும் வேறொரு கோணம் எனக்குத் தோன்றுகிறது. மற்ற விளையாட்டுகளில் பிறந்தநாள் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் நார்பர்ட் ஷெமான்ஸ்கி 1948, 1952, 1960, 1964 என நான்கு ஒலிம்பிக்குகளில் பதக்கம் பெற்றவர். கடைசிப் பதக்கத்தின்போது அவருக்கு வயது 40. அவ்வயதில் இருபத்தைந்து வயதினரோடு ஒரே அளவுகோலில் நின்று வென்றார் என்பதால்தான் அது அதிசயமாகப் பேசப்படுகிறது. ஆல்ரவுண்டிலோ எழுபதாவது பிறந்தநாளன்று ஒரு புதிய வெற்றுப் பக்கம் திறக்கிறது. நேற்று வரை 65 முதல் 69 வயதுப் பிரிவில் கடைசியாக நின்றவர், இன்று 70 வயதுப் பிரிவில் இளையவர். வயது கூடியதற்காக ஒரு மனிதன் மகிழ்ச்சியோடு காத்திருக்கும் இடம் உலகில் வேறு எங்கே இருக்கிறது?

நம் ஊரில் இப்படி இல்லை. தென் மாவட்டங்களில் கோயில் முன்போ மந்தையிலோ கிடக்கும் இளவட்டக்கல்லை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். பிடி இல்லாத வழவழப்பான உருண்டைக் கல். குந்தி அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளில் ஏற்றிப் பின்புறமாகப் போட வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளை போன்ற ஊர்களில் பொங்கலையொட்டி இப்போதும் போட்டி நடக்கிறது. ஒல்லியானவனுக்கும் பருத்தவனுக்கும் ஒரே கல். தூக்கினாயா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி. வயதுக்கு அங்கே பேச்சே இல்லை. பெயரிலேயே 'இளவட்டம்' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். எங்கள் ஊர்க் கல்லை அப்பா தம் பத்தொன்பதாம் வயதில் தூக்கியதாகச் சொல்வார்கள். எந்த ஏட்டிலும் அது இல்லை.

கிட்டங்கியும் அந்தக் கல்லைப் போன்றதுதான். அப்பா வேலைக்குச் சேர்ந்த நாளில் சர்க்கரை மூட்டை நூறு கிலோ. இப்போது மூட்டை ஐம்பது கிலோவாகியிருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் சுமை பற்றி ஓர் உடன்படிக்கையும் பரிந்துரையும் வகுத்தது. வயது வந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது, மேற்பட்டிருந்தால் விரைவில் குறைக்க வேண்டும் என்கிறது பரிந்துரை. பெண்களுக்கும் இளையோருக்கும் அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உடன்படிக்கை. ஐம்பதைக் கடந்தவருக்கென்று தனி எண் கிடையாது. கூலியும் மூட்டைக் கணக்கில்தான். இருபத்தைந்து வயதுக்காரர் சுமந்த மூட்டைக்கும் ஐம்பத்திரண்டு வயதுக்காரர் சுமந்த மூட்டைக்கும் ஒரே கூலி. கேட்டால், இதுதான் சமநீதி என்று சொல்லக்கூடும். நானும் ஒரு தாளை எடுத்து ஆல்ரவுண்ட் கணக்கைப் போட்டேன். வயது 52, மூட்டை 50 கிலோ, நூற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட, 56 கிலோ. பரிந்துரையின் வரம்பு 55.

பொங்கல் விடுமுறைக்குப் போனபோது இந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

மாசி மாதம் கல்விக் கட்டண விஷயமாகக் கல்லூரிக்கு வந்தவர், அலுவலகத்தில் வேலை முடிந்ததும், "அந்தக் கம்பி எங்கப்பா இருக்கு?" என்றார். உடற்பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். ஐம்பது கிலோ ஏற்றச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஜெர்ச்சர் முறையைச் செய்து காட்டினேன். ஒரே முறை பார்த்தார். குனிந்து, முழங்கை மடிப்பில் கம்பியை வாங்கி, நெல் மூட்டையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் மூன்று வாரம் பழகியும் வராத நேர்த்தி. முழங்கால் நேராக இருந்தது, பாதம் நகரவில்லை. நடுவராக நின்ற நான் வலக்கையை உயர்த்தினேன். அதை இறக்கினால்தான் 'இறக்கு' என்று பொருள். ஆனால் அதற்குள் அப்பா கம்பியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டார்.

"சைகைக்கு முன்னாலேயே இறக்கிட்டீங்கப்பா. விதிப்படி இது செல்லாது" என்றேன்.

அவர் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தூக்கச் சொல்ல ஆள் இருக்கான். இறக்கச் சொல்லி இதுவரை எவனும் சொன்னதில்லேப்பா. எனக்கு எப்படித் தெரியும்?" என்றவர், சற்று நின்று, "சரி, இன்னொரு தரம் ஏத்து" என்றார்.